மனநோயும் மறைப்பும்

மனநோய் வந்தவருக்கு நோயால் வரும் துன்பம் ஒன்று. அந்த நோய் உள்ளவர் என்று பேர் விழுவதால் வரும் துன்பம் மற்றொன்று. மருந்தும் ஆலோசனையும் முதல் துன்பத்தைப் பெருமளவு தணிக்கின்றன. இரண்டாவது துன்பம் மருந்துச்சீட்டுக்கு அடங்குவதில்லை. மனநல மருத்துவம் அதைக் களங்கம் என்கிறது. அண்டை வீட்டார் விலகி நிற்பதும், வேலை தர மறுப்பதும், பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சை முறித்துக்கொண்டு போவதும் அதன் வெளிப்படையான வடிவங்கள். நோயுற்றவரே தம்மை அப்படி எண்ணத் தொடங்குவது அதன் உள்வடிவம். 'எனக்குத்தான் மன உறுதி இல்லை', 'நான் வீட்டுக்குப் பாரம்' என்று பதினேழு வயதுப் பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்ளும்போது, ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேசாமலே களங்கம் அந்தப் பிள்ளையைச் சாய்த்துவிடுகிறது. இளைஞர்கள் உதவி கேட்கத் தயங்குவதற்கு இந்த உள்வடிவமும் ஒரு பெரிய காரணம்.

மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி, முதல் வேலை என்று வாழ்க்கை ஒரு வடிவத்துக்கு வரும் ஆண்டுகள் இவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன் ஒரு பகுதியாகச் சில மாநிலங்களில் 13 முதல் 17 வயதினரை ஆய்ந்தபோது, 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. வயது வந்தோரிடையே சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் பங்கு, நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. யுனிசெப் 2021-இல் வெளியிட்ட உலகக் குழந்தைகள் நிலை அறிக்கை இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மனநலப் பிரச்சினை வந்தால் பிறர் உதவியை நாடுவது நல்லது என்று 21 நாடுகளின் 15–24 வயதினரில் சராசரியாக 83 விழுக்காட்டினர் கருதினர். இந்தியாவில் அப்படிக் கருதியவர்கள் 41 விழுக்காடு மட்டுமே. அந்த நாடுகளில் இதுவே மிகக் குறைந்த அளவு. அதே 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,089 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது.

மருத்துவர் எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் சிகிச்சை கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் பல மாவட்டங்களில் அது உண்மை. புதுச்சேரி நகரத்தில் அது பொருந்தாது. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவத் துறை உண்டு. நகரின் நடுவில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கடலோரத்தில் உள்ள வைத்திக்குப்பத்திலிருந்து இவற்றுக்கு நகரப் பேருந்திலேயே போய் வரலாம். ஆனாலும் 2015-இல் இந்தியாவிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த பகுதி புதுச்சேரிதான். லட்சம் பேருக்கு 43.2 என்பது அந்த ஆண்டின் கணக்கு. அகில இந்தியச் சராசரி 10.6. அண்டை மாவட்டங்களிலிருந்து புதுச்சேரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தவர்களும் கணக்கில் சேர்வதால் எண் பெருகித் தெரிகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்துக்கு உரிய கழிவைக் கொடுத்தாலும், மருத்துவர் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதை மறுக்க முடியவில்லை. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்பது கூச்சமும் அச்சமும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்திக்குப்பம் போன்ற ஊரின் அமைப்பிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அது நகரத்துக்குள் இருக்கும் மீனவர் ஊர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பஞ்சாயத்தார், உறவுமுறை, சேர்ந்து செய்யும் தொழில் என்று எல்லாமே நெருக்கத்தின் மேல் நிற்கின்றன. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு இங்கே கடற்கரைக்கு எழுந்தருளும்போது, வந்த கூட்டத்துக்கு மோர் கொடுப்பதிலிருந்து வழி விடுவது வரை ஊரே ஒன்றாக நிற்கும். கடலில் ஒரு படகு திரும்பவில்லை என்றால் ஊர் முழுக்கக் கரையில் கூடிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கைமாற்றும் அரிசியும் வீட்டுக்கு வீடு போய் வரும். புதுச்சேரித் துறைமுகம் கட்டப்பட்ட பின் வடக்கே மணல் வரத்து நின்று கடற்கரை கரைந்துபோன இழப்பையும் இந்தக் குப்பங்கள் சேர்ந்தே தாங்கின. இத்தனை துணை உள்ள இடத்தில் ஒரு பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் கிடப்பது மட்டும் ஏன் வீட்டுக்குள்ளேயே அடைபட வேண்டும்? அதற்கும் அந்த நெருக்கமே காரணம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த தெருவில் ஒருவர் மனநல மருத்துவரிடம் போனது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்ற கேள்வி, அந்த நாலு பேர் யார் என்று பெயரோடு தெரிந்த ஊரில் பல மடங்கு கனமாகிறது. வைத்திக்குப்பத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல இது. அக்ரகாரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதே மறைப்பு வேறு சாயலில் நடக்கிறது.

மறைப்பதற்கு வீடுகள் சொல்லும் காரணங்களில் முதலில் நிற்பது திருமணம். சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 159 குடும்பத்தினரிடம் ஆர். தாராவும் டி.என். சீனிவாசனும் நடத்திய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அண்டை அயலார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம், விஷயத்தை மறைத்தாக வேண்டிய கட்டாயம், வீட்டில் நடக்க வேண்டிய கல்யாணம் என்பவையே அவர்களை மிகவும் அழுத்தின. அக்காவுக்கு நோய் என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்ற கணக்கில், அக்காவின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. இன்னொரு வீட்டில் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணம் முடிக்கிறார்கள். புகுந்த வீட்டில் தெரிந்துவிடக் கூடாது என்று மாத்திரை நிற்கிறது. சில மாதங்களில் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்புகிறது. பெண் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். மனச்சிதைவு வந்து மணமுறிவுக்கு ஆளான பெண்களை ஆராய்ந்த தாராவின் குழுவினர், நோயைவிடக் கைவிடப்பட்டதே அவர்களை அதிகம் வாட்டியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நோயை மறைக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பெண்ணோ பையனோதான். இதைக் குடும்பத்தின் தீய எண்ணம் என்று கடந்துபோக முடியாது. பயந்துபோன பெற்றோர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் பிள்ளையைக் காக்கப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மனநல மருத்துவமனை என்றாலே மனத்தில் தோன்றும் காட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1794-இல் ஆங்கிலேயர் காலத்தில் மனநோயாளர் விடுதி ஒன்று தொடங்கியது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. பூட்டிவைத்துக் காவல் காப்பதே அக்காலத்து விடுதிகளின் முதல் வேலை. 1922-இல் பெயர் அரசு மனநல மருத்துவமனை ஆனது. 1978-இல் மனநலக் கழகம் ஆனது. பெயர் மாறியும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக நின்றுவிட்டது. வகுப்பறையிலும் சினிமா நகைச்சுவையிலும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரிப்பவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவன் அதைக் கேட்டுத் தன் வாயை மூடிக்கொள்வதை அறிவதில்லை. அந்த மருத்துவமனையின் சுவருக்குள் நடந்த மாற்றமோ மக்களிடம் போய்ச் சேரவே இல்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான எம். சாரதா மேனன் 1961-இல் அதன் கண்காணிப்பாளரானார். புறநோயாளர் பிரிவை வளர்த்தார், தொழிற்பயிற்சிக்கு வழி செய்தார், குடும்பங்களைச் சிகிச்சையில் பங்காளிகளாக்கினார். ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பெரும்பாலான மனநோய்களுக்குப் படுக்கையே தேவையில்லை. புறநோயாளராக வந்து மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி மனநோயாளர்களுக்காக இயங்கிய தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மருத்துவத் துறையில் சிலர் கோயில், தர்கா என்றாலே எதிரி என்பது போலப் பேசினார்கள். அது சரியான பார்வை அல்ல. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த நோயாளிகளை ஆர். ரகுராம் குழுவினர் ஆய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே மந்திரிப்பும் இல்லை, கட்டிப்போடுவதும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கினார், நோயாளி கோயில் வேலைகளில் கலந்துகொண்டார். மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஓரளவு தணிந்தன. யாரும் பழிக்காத, அன்பான சூழலின் பயனாக ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். குணசீலத்தில் கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு மையமும், ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் அரசுத் திட்டமும் வந்தது இந்தப் புரிதலின் வழியில்தான். தாயத்துக் கட்டிய கையால் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். வழிபாடு அடி, பட்டினி, சங்கிலி என்று போகும்போதுதான் அது குற்றம்.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அதன் 95-ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. நோய் விவரத்தை ரகசியமாக வைப்பது 23-ஆம் பிரிவு தரும் உரிமை. களங்கத்தைக் குறைக்கும் பிரசாரத்தையும் 30-ஆம் பிரிவு அரசின் கடமையாக்கியிருக்கிறது. குடும்பங்களுக்கு அவசியம் தெரிய வேண்டியது 115-ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவர் மீது வழக்குத் தொடரக் கூடாது, அவருக்கு மறுவாழ்வு அளிப்பது அரசின் பொறுப்பு என்கிறது அது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. ஆனாலும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் உண்மையை மறைத்து, வேறு காரணம் சொல்லி மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் சேர்க்கப்பட்டவர் உடல் தேறியதும் மனநல மருத்துவரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறார். ஒருமுறை முயன்றவருக்கு மீண்டும் அந்த எண்ணம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த மறைப்பு மிக ஆபத்தானது.

செய்தித்தாள்களும் இந்த மறைப்பில் பங்கு பெற்றன. 'தீராத வயிற்றுவலியால்' என்று தமிழ் நாளிதழ்களில் எத்தனையோ மரணங்கள் எழுதப்பட்டன. இல்லாவிட்டால் தேர்வில் தோல்வி, காதல் தோல்வி என்று ஒற்றைக் காரணத்தோடு முதல் பக்கத்தில் வந்தன. ஒற்றைக் காரணம் சொல்வதும், முறையை விவரிப்பதும், படத்தோடு பெரிதாக்குவதும் அதே நிலையில் இருக்கும் பிற இளைஞர்களை அந்த வழியில் தள்ளக்கூடும் என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அவற்றைப் பின்பற்றுவது செய்தியாளரின் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் கையிலும் இருக்கிறது.

களங்கத்தைக் குறைக்க எது உதவுகிறது என்பதில் ஆய்வுகள் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். 'சர்க்கரை நோய் போல இதுவும் ஒரு நோய்தான்' என்று சொன்னால் போதும் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. 1996-க்கும் 2006-க்கும் இடையே அமெரிக்க மக்களின் மனப்போக்கை பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ குழுவினர் ஒப்பிட்டார்கள். மனநோய்க்கு மூளையில் காரணம் உண்டு என்று நம்புவோர் கூடியிருந்தனர், சிகிச்சையை ஆதரிப்போரும் கூடியிருந்தனர். ஆனால் நோயாளியை அண்டை வீட்டுக்காரராகவோ உடன் வேலை செய்பவராகவோ ஏற்கும் மனம் கூடவில்லை. அறிவு கூடினால் அச்சம் தானாகக் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. களங்கத்தை ஒழிப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2022-இல் தந்த அறிக்கை, எல்லா வழிகளிலும் நன்கு பயன் தருவது நேரடிப் பழக்கமே என்றது. மனநோயிலிருந்து தேறியவர் ஒருவர் தன் கதையைத் தானே சொல்ல, கேட்பவர் அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் அந்தப் பழக்கம். நடிகை தீபிகா படுகோன் 2015-இல் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது அது நாடு முழுக்கப் பேசுபொருளானது. குப்பத்துப் பிள்ளைக்கு அதைவிட நெருக்கமானது, தன் தெருவிலேயே மாத்திரை சாப்பிட்டுத் தேறி மீண்டும் கடலுக்குப் போகும் அண்ணன் ஒருவர் பேசுவது. அப்படிப் பேசச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தானாக முன்வருகிறவருக்கு ஊர் மேடை கொடுக்கலாம், இளைஞர் மன்றம் இடம் கொடுக்கலாம், பஞ்சாயத்தார் பக்கத்தில் உட்காரலாம்.

இளைஞர் உதவி தேட வேண்டிய நேரம் எது? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருப்பது, பிடித்த விளையாட்டும் நண்பர்களும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, படித்தது மனத்தில் நிற்காதது, காரணமில்லாத படபடப்பு, யாரோ பேசுவது போலக் காதில் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராக இருப்பதாகச் சந்தேகம், குடியிலோ கஞ்சாவிலோ ஒதுங்குவது, சாவைப் பற்றிய பேச்சு. பையன்களிடம் சோர்வு பல வேளைகளில் கோபமாகவே வெளிப்படுகிறது. 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்று வளர்ந்தவன், அழத் தெரியாமல் சண்டை போடுகிறான். வீட்டார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகளிடம் தலைவலி, மயக்கம், வயிற்றுவலி என்று உடம்பு வழியாக வருவதும் உண்டு. ஸ்கேன் எல்லாம் சரி என்று வந்த பிறகும் வலி நிற்பதில்லை. அது நடிப்பு அல்ல.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன நடக்கும் என்று தெரியாததே பலரைத் தடுக்கிறது. மருத்துவமனையில் சீட்டு எடுத்து, முறை வந்ததும் உள்ளே போனால், மருத்துவர் முதலில் செய்வது பேச்சுதான். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள், படிப்பு எப்படிப் போகிறது, குடிப் பழக்கம் உண்டா என்று கேட்பார். சில வேளை தைராய்டு, ரத்தச் சோகை பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதுவார். எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. லேசான சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை பேசுவதே போதுமானதாக இருக்கலாம். மருந்து எழுதினால், அது பழக்கமாகிவிடும், ஆளை மந்தமாக்கிவிடும் என்ற பயம் வரும். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் வாய் உலர்வதும் லேசான தூக்கமும் வரலாம். அது தெரியாமல் நான்காம் நாளே நிறுத்தி, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். மாயக்குரல் கேட்பது போன்ற கடுமையான நோய்களில் மருந்து தவிர்க்க முடியாதது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மருத்துவமனைக்குப் போகத் துணிவு வராதவருக்குத் தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் நாள் முழுவதும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் அதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அது இயங்குகிறது. லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் பேச்சைக் கேட்டு வருகிறது. பிளஸ் டூவில் தோற்றவர்கள் அதே ஆண்டில் மறுபடி எழுதும் துணைத்தேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அந்த அமைப்பும் ஒன்று. ஒரு வருடம் வீணானது என்ற எண்ணமே பலரை முறித்துவிடும் என்பதை அறிந்து கேட்ட கோரிக்கை அது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று நெறிகள் வகுத்தது. ஆலோசகரின் அறை தலைமையாசிரியர் அறைக்கு எதிரே இருந்தால், யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நூலகத்தை ஒட்டியோ விளையாட்டு அறையை ஒட்டியோ இருந்தால், போவதும் வருவதும் கண்ணில் படாது. இத்தகைய சின்ன ஏற்பாடுகளை நிறுவனங்கள் பொருட்படுத்துவதில்லை.

இளைஞர்கள் முதலில் மனம் திறப்பது பெரும்பாலும் நண்பரிடம்தான். அந்த நண்பர் செய்ய வேண்டியது புத்திமதி சொல்வது அல்ல. 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா', 'நல்லதையே நினை' என்ற சொற்கள் வாயைத்தான் அடைக்கும். பேச விட்டு, இடைமறிக்காமல் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, பேச இடம் கிடைத்த நிம்மதியே வரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவருக்குச் சொல்லி, அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அதைக் காப்பாற்றக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே சட்டப்படி முகவர் என்பதால் அவர்களுக்குத் தெரியாமல் சிகிச்சை நடக்காது. பெற்றோரிடம் சொல்ல அஞ்சும் பிள்ளை ஆசிரியரையோ மாமாவையோ அத்தையையோ பேச அழைத்துப் போகலாம்.

சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை என்னாகும் என்பதற்குச் சென்னையிலேயே நீண்ட சான்று இருக்கிறது. மனச்சிதைவு முதன்முறை வந்த 90 பேரை 1980-களின் தொடக்கத்தில் சேர்த்து, அவர்களைத் தாராவும் உடன் பணியாற்றியவர்களும் இருபத்தைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். மனநோய்களிலேயே மிகக் கடுமையானதாகக் கருதப்படும் அந்த நோயிலும், முதல் பத்தாண்டு முடிவில் விடாமல் நோயோடு இருந்தவர்கள் மிகச் சிலரே. பலர் வேலைக்குப் போனார்கள், மணம் முடித்தார்கள். மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் இதைவிட எளிதில் குணமாகின்றன. முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்வது வழக்கம். நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம் மருந்தைத் தானாக நிறுத்துவது. குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் மருத்துவரிடம் கேட்டு, வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் தூக்கம் மாறுகிறதா என்பதை வீட்டார் கவனித்து, மாறினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.